அது நடந்ததா, நடக்கவில்லையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இறந்த காலத்தில் ஒருவரால் முடிந்ததையும், முடிந்தும் செய்யாமல் விட்டதையும், ஒருவேளை நடந்திருக்கக்கூடியதையும் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: போட்டித் தேர்வுக்காகப் பயிற்சி மையம் ஒன்றில் படித்து வருகிறேன். ‘யெஸ்டர்டே ஐ குட் கெட் எ டிக்கெட்’ என்று நான் எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டு, ‘ஐ வாஸ் ஏபிள் டு கெட் எ டிக்கெட்’ என்று திருத்தினார். அடுத்த வரியில் ‘மை பிரதர் குடன்ட் கெட் எ டிக்கெட்’ என்று எழுதியிருந்தேன்; அதை அப்படியே விட்டுவிட்டார். உடன்பாட்டில் தவறாக இருப்பது எதிர்மறையில் எப்படிச் சரியாகும்?
— பட்டதாரி வாசகர், திருச்சி

பதில்: ஆசிரியர் திருத்தியதும் சரி, திருத்தாமல் விட்டதும் சரி. ‘குட்’ என்னும் வினை, ஒருவரிடம் ஓர் ஆற்றல் இருந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த ஆற்றலைக் கொண்டு அவர் ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட காரியத்தை முடித்தார் என்று அது சொல்வதில்லை. தமிழில் ‘என்னால் டிக்கெட் எடுக்க முடிந்தது’ என்றால் டிக்கெட் கைக்கு வந்துவிட்டது என்று பொருள். அந்த உறுதி ‘குட்’ என்ற சொல்லில் இல்லை. போதாக்குறைக்கு, ‘ஐ குட் கெட் எ டிக்கெட்’ என்ற தொடரை நேற்று என்ற சொல் இல்லாமல் கேட்பவர், ‘வேண்டுமானால் நான் ஒரு டிக்கெட் எடுக்கலாம்’ என்று இனிமேல் நடக்கப்போவதைப் பற்றிய பேச்சாகவே அதை எடுத்துக்கொள்வார். ஆகவேதான் ஒரு தடவை நடந்து முடிந்த செயலுக்கு ‘வாஸ் ஏபிள் டு’ என்றோ, பாடுபட்டுச் சாதித்ததாகச் சொல்ல வேண்டுமானால் ‘மேனேஜ்டு டு’ என்றோ எழுதுகிறார்கள்.

எதிர்மறையில் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை. ஆற்றலோ வாய்ப்போ இல்லை என்று சொன்ன மாத்திரத்தில், காரியம் நடக்கவில்லை என்பதும் அதிலேயே அடங்கிவிடுகிறது. உங்கள் அண்ணனுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்பதில் ஐயத்துக்கு இடம் ஏது? ஆகவே ‘குடன்ட்’ என்பது பொதுவான இயலாமைக்கும் பொருந்தும், நேற்று ஒரு நாள் நேர்ந்த இயலாமைக்கும் பொருந்தும். ‘ஹார்ட்லி’, ‘ஒன்லி’ போன்ற பாதி எதிர்மறைச் சொற்கள் கூட வந்தாலும் இதே சலுகை உண்டு. ‘ஐ குட் ஒன்லி கெட் ஒன் டிக்கெட்’ என்று நீங்கள் எழுதியிருந்தால், ஆசிரியர் பேனாவை எடுத்திருக்க மாட்டார்.

பல நாள் நிலைத்திருந்த திறமையைச் சொல்லும்போது ‘குட்’ முழு உரிமையோடு வரும். ‘மை கிராண்ட்மதர் குட் ரீட் வித்தவுட் கிளாசஸ் அட் எய்ட்டி’ என்பதில் பாட்டி எந்த நாளில் எந்தப் புத்தகத்தைப் படித்தார் என்ற பேச்சே இல்லை. எண்பது வயதிலும் கண்ணாடி இல்லாமல் படிக்கும் பார்வை இருந்தது என்பதுதான் செய்தி. அந்தத் திறமை இன்று இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்பினால் ‘யூஸ்டு டு பி ஏபிள் டு’ என்று எழுதலாம்.

பார்த்தல், கேட்டல், மணம் உணர்தல், புரிந்துகொள்ளுதல், நினைவுகூர்தல் ஆகியவற்றைக் குறிக்கும் வினைகளோடு ‘குட்’ சேர்ந்தால், ஒரே ஒரு தடவை நிகழ்ந்ததற்கும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ‘வென் ஐ ஓப்பன்டு த டோர், ஐ குட் ஸ்மெல் கேஸ்’ என்பது பிழையற்ற வாக்கியம். இதை விதிவிலக்கு என்று பாடநூல்கள் பட்டியலிடுகின்றன. எனக்கு இது விதியின் நேரான விளைவாகவே தோன்றுகிறது. டிக்கெட் எடுக்கும் ஆற்றல் வேறு, எடுத்தல் வேறு. கேஸ் வாடை தெரியும் நிலையில் ஒருவர் இருந்தார் என்றால், அது அவருக்குத் தெரிந்தேவிட்டது. அங்கே ஆற்றலுக்கும் செயலுக்கும் நடுவே இடைவெளி கிடையாது.

கேள்வி: ‘அவர் வந்திருக்கலாம்’ என்பதை மொழிபெயர்க்கச் சொன்னால், வகுப்பில் பாதிப் பேர் ‘ஹி மே ஹேவ் கம்’ என்றும், மீதிப் பேர் ‘ஹி குட் ஹேவ் கம்’ என்றும் எழுதுகிறோம். இரண்டுக்கும் மதிப்பெண் கிடைக்கிறது. அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா?
— கல்லூரி மாணவி, மதுரை

பதில்: இரண்டும் ஒன்றல்ல. தனி வாக்கியமாகக் கொடுத்ததால்தான் இரண்டுக்கும் மதிப்பெண் கிடைத்தது. வாசலில் யாருடைய செருப்போ கிடக்கிறது. உள்ளே இருப்பவர் யார் என்று தெரியவில்லை. ‘மாமா வந்திருக்கலாம்’ என்கிறோம். கல்யாணம் முடிந்து, பந்தியும் முடிந்த பிறகு, வராத அதே மாமாவைப் பற்றி ‘ஒரு நடை வந்திருக்கலாம்’ என்கிறோம். முதலாவதில் அவர் வந்தாரா என்பது நமக்குத் தெரியாது; இரண்டாவதில் அவர் வரவில்லை என்பது நன்றாகத் தெரியும். தமிழில் குரலும் சூழலும் இந்த வேறுபாட்டைக் காட்டிவிடுகின்றன. ஆங்கிலமோ, வாயைத் திறக்கும் முன்பே ‘அது நடந்ததா, நடக்கவில்லையா, அல்லது உனக்குத் தெரியாதா?’ என்று கேட்டுவிட்டு, அந்த விடைக்கு ஏற்ப வினையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகினால், இந்தப் பாடத்தில் நம்மவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை தாமாகவே விலகிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

மூன்று விடைகளையும் ஒரே இடத்தில் காண எவரெஸ்ட் சிகரத்தின் வரலாறு மிகவும் பொருத்தமானது. 1953 மே 29 அன்று எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங் நார்கேயும் உச்சியை அடைந்தார்கள். இது நடந்தது, ஒரு தடவை நிகழ்ந்த செயல். ஆகவே ‘ஹிலாரி அண்ட் டென்சிங் வேர் ஏபிள் டு ரீச் த சம்மிட்’ என்று எழுத வேண்டும். இங்கே ‘குட் ரீச்’ என்று எழுதினால் முதல் கடிதத்தில் கண்ட பிழையாகிவிடும்.

அதற்கு மூன்று நாள் முன்னதாக, மே 26 அன்று, அதே குழுவைச் சேர்ந்த டாம் போர்டில்லனும் சார்ல்ஸ் எவன்ஸும் தெற்குச் சிகரம் எனப்படும் இடம் வரை ஏறிவிட்டார்கள். உச்சிக்கு இன்னும் ஏறத்தாழ 100 மீட்டர் உயரமே மீதி இருந்தது. ஆனால் எவன்ஸின் ஆக்சிஜன் கருவியில் கோளாறு ஏற்பட்டிருந்தது, பொழுதும் கடந்துவிட்டது. தொடர்ந்து ஏறினால் உயிரோடு இறங்க முடியாது என்று கணித்து இருவரும் திரும்பிவிட்டார்கள். இது நடக்கவில்லை, நடக்கவில்லை என்பது உறுதியாகத் தெரியும். ‘வித் பெட்டர் ஆக்சிஜன் செட்ஸ், தே குட் ஹேவ் ரீச்டு த சம்மிட்’ என்பதுதான் இதற்குரிய வாக்கியம். ‘மைட் ஹேவ் ரீச்டு’ என்றும் எழுதலாம். அப்போது நம்பிக்கை ஒரு படி குறைந்து ஒலிக்கும்.

இனி 1924-க்குச் செல்வோம். ஜூன் 8 அன்று ஜார்ஜ் மேலரியும் ஆண்ட்ரூ இர்வினும் வடகிழக்கு முகட்டில் ஏறிக்கொண்டிருந்ததை, கீழே இருந்த நோயல் ஓடெல் பகல் 12.50 மணியளவில் மேகம் விலகிய சிறு பொழுதில் பார்த்தார். மறுபடி மேகம் மூடியது. அதன்பிறகு அவர்களை உயிரோடு யாரும் பார்க்கவில்லை. உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும்போது இறந்தார்களா, தொடுவதற்கு முன்பே இறந்தார்களா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. மேலரியின் உடல் 1999-இல் கண்டெடுக்கப்பட்டது. அவர்கள் கொண்டு சென்ற கேமரா கிடைக்கவில்லை. நடந்ததா இல்லையா என்று தெரியாத இந்த நிலைக்கே உரியது ‘மேலரி அண்ட் இர்வின் மே ஹேவ் ரீச்டு த சம்மிட்’ என்ற வாக்கியம். இங்கும் ‘மைட் ஹேவ்’ வரலாம்.

‘குட் ஹேவ்’ இங்கே வராதா என்றால், வரும். ‘மேலரி குட் ஹேவ் ரீச்டு த சம்மிட்’ என்று மலையேற்ற வரலாற்றாளர் ஒருவர் எழுதினால், ‘ஒருவேளை எட்டியிருக்கலாம்’ என்றே படிப்போம். ஆகவே ‘குட் ஹேவ்’, ‘மைட் ஹேவ்’ ஆகிய இரண்டும் நடக்காததற்கும் தெரியாததற்கும் பொதுவானவை. ‘மே ஹேவ்’ தெரியாததற்கு மட்டும் உரியது. போர்டில்லனும் எவன்ஸும் திரும்பிவிட்டது தெரிந்தபின் ‘தே மே ஹேவ் ரீச்டு’ என்று எழுதுவதைக் கவனமாக எழுதுபவர்கள் தவிர்ப்பார்கள். ஆங்கில நாளேடுகளிலேயே ‘ஹெல்மெட் அணிந்திருந்தால் பிழைத்திருப்பார்’ என்ற பொருளில் ‘மே ஹேவ் சர்வைவ்டு’ என்று வருவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்த வழக்கு பரவிவருகிறது. ஆனால் அதைப் படிப்பவர், ஆள் உயிரோடு இருக்கிறாரோ என்று ஒரு கணம் தடுமாற நேர்கிறது. மனித உயிர் பற்றிய செய்தியில் அந்தத் தடுமாற்றத்துக்கு இடம் தரக்கூடாது. அங்கே ‘மைட் ஹேவ்’ என்றே எழுதுங்கள்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. எதிர்மறைக்கு வந்ததும் இவை வெகு தூரம் விலகிவிடுகின்றன. ‘மேலரி மே நாட் ஹேவ் ரீச்டு த சம்மிட்’ என்றால் ‘எட்டாமலும் இருந்திருக்கலாம்’ என்று பொருள். ‘குட் நாட் ஹேவ் ரீச்டு’ என்றால் ‘எட்டியிருக்கவே முடியாது’ என்று பொருள். ஒன்று ஐயம், மற்றொன்று தீர்ப்பு. ‘கான்ட் ஹேவ்’ என்பதும் அதே தீர்ப்புதான். கேள்வி வடிவத்திலோ ‘மே’ பெரும்பாலும் வருவதில்லை. ‘குட் தே ஹேவ் ரீச்டு த சம்மிட்?’ என்றுதான் கேட்பார்கள்.

கேள்வி: நான் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். திங்கட்கிழமைக்குள் வர வேண்டிய பில் வராததால், ‘நீங்கள் அனுப்பியிருக்க வேண்டும்’ என்ற பொருளில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ‘யூ மஸ்ட் ஹேவ் சென்ட் த பில் பை மண்டே’ என்று மின்னஞ்சல் எழுதினேன். ‘இல்லை, நாங்கள் இன்னும் அனுப்பவில்லை’ என்று சாதாரணமாகப் பதில் வந்தது. தாமதத்துக்கு ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. என் வாக்கியத்தில் என்ன குறை?
— வாசகர், திருப்பூர்

பதில்: அவர்கள் வருத்தம் தெரிவிக்காததற்குக் காரணம், நீங்கள் குறை சொன்னதே அவர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான். ‘அனுப்பியிருக்க வேண்டும்’ என்ற தமிழ்த் தொடருக்கும் இரண்டு முகங்கள் உண்டு. ‘இந்நேரம் கட்டாயம் அனுப்பியிருப்பார்கள்’ என்ற ஊகம் ஒன்று. ‘அனுப்பியிருப்பதுதான் முறை, அனுப்பவில்லையே’ என்ற குறைபாடு மற்றொன்று. ஆங்கிலத்தில் ஊகத்துக்கு ‘மஸ்ட் ஹேவ்’, குறைபாட்டுக்கு ‘ஷுட் ஹேவ்’. நீங்கள் எழுதியதை அவர்கள் ‘திங்களுக்குள் பில்லை அனுப்பியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்’ என்று படித்து, ‘இல்லை’ என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார்கள்.

‘மஸ்ட்’ என்பது நிகழ்காலத்தில் கடமையைக் குறிப்பதால், ‘ஹேவ்’ சேர்த்தால் இறந்த காலக் கடமை ஆகிவிடும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் ‘மஸ்ட் ஹேவ்’ என்ற தொடர் தடயத்தைப் பார்த்து முடிவு கட்டும் வேலைக்கே பயன்படுகிறது. மேலரியின் இடுப்பைச் சுற்றிக் கயிறு இறுக்கிய காயம் இருந்தது. அதைக் கண்ட ஆய்வாளர்கள், விழுந்த நேரத்தில் அவரும் இர்வினும் ஒரே கயிற்றில் பிணைந்திருந்தார்கள் என்று முடிவுக்கு வந்தார்கள்: ‘தே மஸ்ட் ஹேவ் பீன் ரோப்டு டுகெதர்.’ யாரும் நேரில் பார்க்கவில்லை, காயம் சொல்கிறது. மனைவியின் படத்தை உச்சியில் வைத்துவிட்டு வருவதாக மேலரி சொல்லியிருந்தார் என்பது குடும்பத்தார் தந்த செய்தி. உடலோடு அந்தப் படம் கிடைக்கவில்லை என்பதை வைத்து, ‘ஹி மஸ்ட் ஹேவ் லெஃப்ட் இட் ஆன் த சம்மிட்’ என்பார் சிலர். வழியில் தொலைந்திருக்கவும் கூடும் என்று கருதுபவர் ‘மே ஹேவ் லெஃப்ட்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஒரே தடயம்தான், அதன்மீது எவ்வளவு பாரத்தை ஏற்றுகிறோம் என்பதை வினைச்சொல் காட்டிக்கொடுக்கிறது.

உங்கள் மின்னஞ்சலுக்கு ‘ஷுட் ஹேவ் சென்ட்’ என்பது இலக்கணப்படி சரி. ஆனால் வாடிக்கையாளரைக் கண்டிக்கும் தொனி அதில் உண்டு. ‘வி வேர் எக்ஸ்பெக்டிங் த பில் பை மண்டே’ என்று எழுதியிருந்தால் குறையும் தெரிந்திருக்கும், மரியாதையும் நின்றிருக்கும்.

கேள்வி: ‘குட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவே ‘எல்’ எழுத்து எதற்கு? உச்சரிப்பில் அது வருவதே இல்லையே?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: அந்த எழுத்து பிறப்பிலேயே இருந்ததல்ல. பழைய ஆங்கிலத்தில் ‘கேன்’ என்பதன் இறந்த கால வடிவம் ‘கூத’ என்பதை ஒட்டி ஒலித்தது. அதில் ‘எல்’ கிடையாது. ‘வுட்’, ‘ஷுட்’ ஆகிய சொற்களில் ‘எல்’ உண்மையாகவே ஒரு காலத்தில் ஒலித்து, பிறகு நாவிலிருந்து மறைந்து எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது. அவ்விரண்டோடும் சேர்ந்தே வருவதால், ‘குட்’ என்பதையும் அவற்றைப் போலவே எழுதும் பழக்கம் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் ஏற்பட்டு நிலைத்துவிட்டது.

‘கேன்’ என்பதன் முதற்பொருள் ‘அறிதல்’ என்பது தங்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடும். ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்று நாம் அறிவைச் சொல்லி ஆற்றலைக் குறிப்பதைப் போலவே, அந்த மொழியினரும் அறிவிலிருந்து ஆற்றலுக்கு வந்திருக்கிறார்கள். பண்பற்ற முரட்டுத்தனத்தைக் குறிக்கும் ‘அன்கூத்’ என்ற ஆங்கிலச் சொல்லில், ‘எல்’ புகாத அந்தப் பழைய வடிவம் இன்றும் உயிரோடு இருக்கிறது. தொடக்கத்தில் அதற்கு ‘அறியப்படாத’ என்பதே பொருள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள், இணையத்தில் ஆங்கிலேயர்களே ‘குட் ஆஃப் டன்’ என்று எழுதுவதாகக் காட்டுகிறாள். அதுவும் ஏற்கத்தக்கதா?
— இல்லத்தரசி, கோவை

பதில்: ஏற்கத்தக்கதல்ல. பேச்சில் ‘குட் ஹேவ்’ என்பதன் ‘ஹேவ்’ அழுத்தமின்றி ஒலிக்கும்போது ‘அவ்’ என்று தேய்ந்துவிடுகிறது. ‘ஆஃப்’ என்ற சொல்லும் அழுத்தமின்றி வந்தால் அதே ‘அவ்’ என்றுதான் காதில் விழும். எழுதக் கற்கும் முன்பே பேசக் கற்றுவிட்ட ஆங்கிலக் குழந்தைகள், காதில் விழுந்ததை அப்படியே எழுதிவிடுகிறார்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் எழுத்தின் வழியாக ஆங்கிலத்துக்கு வருவதால் இந்தப் பிழை அவர்களிடம் குறைவு. மகளிடம் அதைச் சொல்லி, ‘குட் ஹேவ்’ என்று எழுதவும், பேச்சில் ‘குடவ்’ என்று சேர்த்து ஒலிக்கவும் பழக்குங்கள். ‘ஹேவ்’ என்பதற்குப் பின்னால் வினையின் மூன்றாம் வடிவம் வர வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ‘குட் ஹேவ் கான்’ என்பது சரி, ‘குட் ஹேவ் வென்ட்’ என்பது பிழை.

கேள்வி: திட்டப்பணி ஒன்று முடிந்ததும் எங்கள் குழுத் தலைவர் ‘வி குடன்ட் ஹேவ் டன் இட் வித்தவுட் யூ’ என்று எனக்கு எழுதினார். ‘குடன்ட் ஹேவ்’ என்றால் முடிந்திருக்காது என்றுதானே பொருள்? பணிதான் முடிந்துவிட்டதே!
— மென்பொருள் துறை வாசகி, ஓசூர்

பதில்: அவர் உங்களை மனமாரப் பாராட்டியிருக்கிறார். ‘நீங்கள் இல்லாமல் போயிருந்தால்’ என்ற நிபந்தனை ‘வித்தவுட் யூ’ என்ற இரண்டு சொற்களுக்குள் ஒளிந்திருக்கிறது. அந்தக் கற்பனை நிலையில் பணி முடிந்திருக்காது. உண்மையில் நீங்கள் இருந்தீர்கள், ஆகவே முடிந்தது. நடக்காததை மறுப்பதால் நடந்தது வெளிப்படுகிறது.

இதே அமைப்பு ஒப்பீட்டோடு சேர்ந்தும் வரும். ‘த ரிசல்ட்ஸ் குடன்ட் ஹேவ் பீன் பெட்டர்’ என்றால், இதைவிட நல்ல முடிவு வந்திருக்கவே முடியாது, அவ்வளவு சிறப்பு என்று பொருள். ‘குட் ஹேவ் பீன் பெட்டர்’ என்றால், இன்னும் நன்றாக வந்திருக்கலாம், அதாவது திருப்தி இல்லை என்று பொருள். பேச்சில் இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய ‘ன்ட்’ ஒலி எளிதில் காணாமல் போய்விடும். ஆகவே பதில் எழுதும்போது ‘ஐ குட் நாட் ஹேவ் டன் இட் வித்தவுட் யுவர் சப்போர்ட்’ என்று ‘நாட்’ என்பதைப் பிரித்தே எழுதுங்கள்; அந்த ஒரு சொல் விடுபட்டால், ‘உங்கள் துணை இல்லாமலே என்னால் முடித்திருக்க முடியும்’ என்று உங்கள் தலைவரிடம் சொன்னதாகிவிடும்.